கண் காத்த கிறேடே

எங்கள் ஊர்க் கோயிலிலே கந்தபுராண படனம் நிகழுங் காலத்திற் பயன் சொல்ல வருவார் ஒரு பெரியவர். இரு கண்ணும் ஒளியிழந்தவர். ஒருவர் செய்யுளைப் படிப்பார். அவர் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டிருந்து, பதம் பிரித்துப் பொருள் விரிப்பார். ஏடு கையிலின்றியே காண்டம் காண்டமாக அவர் நெஞ்சிற் கிடந்தது. நன்னூலில் எனக்கு முதற்பாடஞ் சொன்னவரும் அவரே. ஊரார் அவரைப் பிறவிக்குருடர் என்று வழங்கினர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

1990இல் அவர் காலமானார். அந்தியேட்டி முடிந்த அன்று அவர்தம் மூத்த சகோதரியார், எண்பதைக் கடந்த மூதாட்டி, என்னை அருகழைத்து ஒரு செய்தி கூறினார். தம்பி பிறந்தபோது கண் நன்றாகவே இருந்தது. விளக்கைக் கண்டு இமை கொட்டியது. மூன்றாம் நாளிலே இமைகள் வீங்கிச் சீழ் வழியத் தொடங்கிற்று. தாய்ப்பாலும் நந்தியாவட்டைப் பூவின் நீரும் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு கிழமைக்குள் கருவிழி வெண்மையாய்ப் போயிற்று. அந்த அம்மையாருக்கு அப்பொழுது ஏழு வயது. தம்பியின் கண்ணைத் துடைத்த சீலையை அலம்பி உலர்த்தும் வேலை தமக்கே விதிக்கப்பட்டிருந்தது என்றும் சொன்னார்.

பிறவிக்குருடு என்ற சொல்லில் எனக்கு ஐயம் உண்டானது அன்றுதான். அந்தகக்கவி வீரராகவ முதலியாரைப் பிறவியிலேயே கண்ணிலார் என்று கூறும் வழக்கும் உண்டு. அது எவ்வாறாயினும் ஆகுக. பிறந்த பின்னர் முதற்கிழமையிலே கண்ணை இழந்தோர் எத்துணைப் பேர் இச்சொல்லினுள்ளே மறைந்து கிடக்கின்றனரோ என்று எண்ணலானேன். என்னிடந் தமிழ் பயின்று பின்பு வைத்தியராகிய மாணாக்கர் ஒருவரிடம் சில ஆண்டு கழித்து இதனைச் சொன்னபோது, அவர் எனக்கு ஒரு பெயரை அறிமுகஞ் செய்தார். கிறேடே என்பது அப்பெயர். அன்று தொட்டு அம்மனிதரைப் பற்றிக் கிடைத்தனவெல்லாம் தேடிப் படித்து வருகின்றேன். மொழியாசிரியனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் நகைப்பதுண்டு. நகைக்கட்டும்.

கார்ல் சீக்மண்ட் பிரான்ஸ் கிறேடே 1819ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆந் திகதி பேர்லின் நகரிலே பிறந்தார். அங்கேயே வைத்தியம் பயின்று 1842இற் பட்டம் பெற்றார். பின்னர்ப் பேர்லின் சர்வகலாசாலை மகப்பேற்று விடுதியிலே பூஷ் என்னும் பேராசிரியருக்கு உதவியாளராகச் சில ஆண்டு இருந்தார். 1852இல் அந்நகர் மருத்துவிச்சிகள் பாடசாலைக்குத் தலைவரானார். மகப்பேறும் மருத்துவிச்சியர் கல்வியும் அன்று முதல் இறுதிவரை அவருடைய இரு கைகளாயின. மருத்துவிச்சியரைக் கற்பித்தல் சர்வகலாசாலைப் பேராசிரியருக்கு இழிவு என்று கருதியோர் வாழ்ந்த காலம் அது. கிறேடே அவ்வாறு கருதினாரல்லர். அவர்களுக்கெனப் பாடநூல் ஆக்குவதிலும் கை வைத்தவர் அவர்.

1856இல் அவர் இலைப்சிக் நகருக்கு அழைக்கப்பட்டார். அங்கே மகப்பேற்றுப் பேராசிரியர் பதவியும், திரியர் குடும்பத்தாரின் அறக்கொடையால் எழுந்த பிள்ளைப்பேற்று விடுதியின் தலைமையும் அவருக்குக் கிடைத்தன. இவ்விடத்திலே தமிழாசிரியன் ஒருவன் சற்றுத் தரிக்காமற் போதல் இயலாது. அதே 1856ஆம் ஆண்டில், அதே இலைப்சிக் நகரிலே, கார்ல் கிறவுல் என்னும் பெரியார் திருக்குறளை யேர்மன் மொழியிலே பெயர்த்து வெளியிட்டார். மக்கட்பேற்றுக்கு ஓரதிகாரமும் மருந்துக்கு ஓரதிகாரமும் வகுத்த நூல் அந்நகர்ப் புத்தகக் கடைக்கு வந்த ஆண்டிலேயே கிறேடேயும் அந்நகருக்கு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் கண்டனர் என்று யான் சொல்ல வரவில்லை. ஓராண்டு கழித்து, 1857இல், நம் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே வைத்தியர் கிறீன் மகப்பேற்று நூலொன்றைத் தமிழாக்கி வெளியிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்து நம் மொழியிலே வைத்தியங் கற்பித்தவர் அவர். ஒரே காலத்திற் பிள்ளைப்பேற்றைப் பற்றி இரு மூலைகளிலே இருவர் மருத்துவிச்சியர்க்கும் மாணாக்கர்க்கும் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தனர் என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சி.

இலைப்சிக் விடுதிக்கு வந்த பெண்களிற் பெரும்பாலார் வறியவர். மணமாகாத வேலைக்காரப் பெண்களும் பலர். வசதியுள்ளவர்கள் அக்காலத்தில் வீட்டிலேயே பிள்ளை பெற்றார்கள். விடுதியிற் பெறுவது வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கு நேர்ந்த கதி. அவ்வறியவர்களின் உடம்பிலேயே மாணாக்கர் பாடம் பயின்றனர். கையும் கருவியும் உள்ளே புகப் புகக் காய்ச்சல் பெருகும் என்பதை வியன்னா நகரிலே செம்மல்வைஸ் 1847இலேயே கண்டிருந்தார். உலகம் அவரை எளிதில் நம்பவில்லை. கிறேடேயின் முதற் புகழ் இவ்விடத்தே வந்தது. பிள்ளை பிறந்த பின்பு இளங்கொடி விழத் தாமதித்தால் கொடியைப் பிடித்திழுப்பதும், கையை உள்ளே விட்டு வாங்குவதும் அன்றைய வழக்கம். கிறேடே அடிவயிற்றின் மேலே கையை வைத்துக் கருப்பையைத் தேய்த்து, அது இறுகும் வேளை பார்த்து, மேலிருந்தே அழுத்தி இளங்கொடியை வெளிப்படுத்தும் முறையை எழுதினார். கை உள்ளே செல்லவில்லை. அம்முறைக்கு அவர் பெயரே நிலைத்தது. பிற்கால வைத்தியர்கள் அதனை அளவோடு கொள்ள வேண்டும் என்றனர். அது வேறு கதை. குறைமாதக் குழந்தைகளைச் சூடு குன்றாது வைத்திருக்க இரட்டைச் சுவருள்ள செப்புத் தொட்டியொன்றையும் அவ்விடுதியிற் பயன்படுத்தினார். சுவர்களின் நடுவே வெந்நீர் நிற்கும். உள்ளே குழந்தை கிடக்கும். அதன் பயனை 1884இல் எழுதி வெளியிட்டார்.

இனிக் கண்ணுக்கு வருவோம்.

வெட்டை என்று நம் வைத்தியர் கூறும் நோயுடைய தாயின் பிறப்பு வழியே குழந்தை வரும்போது அந்நோயின் கிருமி குழந்தையின் கண்ணிற் படுகின்றது. இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் இமை வீங்கி இறுகும். திறந்தால் மஞ்சட் சீழ் பீறும். கவனியாது விட்டாற் கருவிழி புண்பட்டு ஓட்டையாகும். ஆறினாலும் வெண்டழும்பாய் நிற்கும். ஐரோப்பாவின் குருடர் பாடசாலைகள் பலவற்றிலே இருந்த பிள்ளைகளிற் கால்வாசிக்கும் மேற்பட்டோர் இவ்வாறு கண்ணிழந்தவர்களே என்று அக்காலத்தார் கணக்கிட்டனர். இலைப்சிக் விடுதியிலேயே 1874ஆம் ஆண்டளவிற் பிறந்த நூறு குழந்தைகளுட் பத்துக்கு மேற்பட்டவை இந்நோய்க்கு இரையாயின. பிள்ளை பெறுதற்கு அடைக்கலம் புகுந்த வீடே பிள்ளையின் கண்ணைப் பறிக்கும் வீடாகவும் இருந்தது. ஒரு விடுதித் தலைவருக்கு இதனினும் கொடிய கணக்கு வேறுண்டோ?

நோயின் வேர் தாயிடத்தே என்று கிறேடே தெளிந்திருந்தார். ஆகவே முதலிலே தாயையே தூய்மை செய்ய முயன்றார். பேற்றின் முன்னரும் பேற்றின்போதும் கார்போலிக் அமிலம், சலிசிலிக் அமிலம் ஆகியவற்றின் நீர் கொண்டு பிறப்பு வழியைக் கழுவச் செய்தார். நோய் சற்றுக் குறைந்தது, ஒழியவில்லை. கழுவுதற்கு நேரமின்றி விரைந்து பெறுவாரும் உளர். எவ்வளவு கழுவினும் மடிப்புகளிலே தங்கும் நோயும் உண்டு. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு போயிற்று.

அப்பால் அவர் எண்ணம் திரும்பியது. தாயின் நோயை ஒரு நாழிகையில் ஒழித்தல் அரிது. ஆனாற் குழந்தையின் கண் சிறிது, இரண்டே, எட்டக் கூடியது. நோய் கண்ணிலே பட்டதும் வேர்கொள்ளு முன் அங்கேயே அதனை அழித்தால் என்ன? 1879இன் பிற்பகுதியில் நோயுடைய தாய்மாரின் குழந்தைகளுக்கு மட்டும் முதலில் வெண்காரம் கரைத்த நீரை விட்டுப் பார்த்தார். பின்னர் அதை விடுத்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை எடுத்துக்கொண்டார். நோய் முற்றிய கண்ணுக்கு அம்மருந்தை இடுவது முன்னரே வழக்கிலிருந்தது. நோய் வருமுன் இடுவதே கிறேடேயின் புதுமை. அதே 1879இலேதான் பிரெஸ்லவ் நகரிலே நைசர் என்னும் இளைஞர், வயது இருபத்து நான்கு, வெட்டை நோயின் கிருமியை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே கண்டறிந்து வெளியிட்டார்.

இவ்விடத்தே நிகழ்ந்ததொன்று எனக்கு மிகவும் பிடித்தது. மருந்திட்ட குழந்தைகள், நோய் மிகுந்த தாயின் குழந்தைகளும் உட்பட, நலமாயிருந்தன. மருந்திடாத குழந்தைகளுள் நோய் தோன்றிற்று. அவற்றுக்கு ஏன் மருந்திடவில்லை? அவற்றின் தாய்மார் நோயற்றவர் என்று வைத்தியர் கருதியதனால். அஃதாவது வைத்தியருடைய கண்ணே பிழைபட்டது. வேறொருவராயின் இன்னும் நுணுகிப் பரிசோதிக்கும்படி உதவியாளரைக் கடிந்திருப்பார். கிறேடே தம் கணிப்பையே நம்பாது விட்டார். 1880ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி தொடக்கம் விடுதியிற் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும், தாய் யாராயினும், விலக்கின்றி மருந்திட வேண்டும் என்று விதித்தார்.

முறை மிக எளிது. கொப்பூழ்க்கொடி அறுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, கண்ணைத் தூய துணியால் துடைக்க வேண்டும். குளித்த நீர் கண்ணிற் படலாகாது. பின் இரு விரலால் இமையை விரித்து, மெல்லிய கண்ணாடிக் கோலின் நுனியிலே தூங்கும் ஒரு துளியைக் கருவிழியின் நடுவே விழச் செய்ய வேண்டும். 50 பங்கு நீருக்கு ஒரு பங்கு வெள்ளி நைத்திரேற்று. கண்ணுக்கு ஒரு துளி. மறுமுறை இல்லை. கண் ஓரிரு நாட் சிவந்து சிறிது நீர் வடியும். பின் தானே தெளியும். இதைச் செய்யப் பேராசிரியர் வேண்டியதில்லை. விடுதியின் மருத்துவிச்சியே செய்தாள்.

அவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களிற் பிறந்த குழந்தைகளுட் பதினான்கிற்குக் கண்ணோய் வந்திருந்தது. யூன் முதல் டிசெம்பர்த் தொடக்கம் வரை பிறந்த ஏறத்தாழ 200 குழந்தைகளுள் ஒன்றற்கே வந்தது. 1881இல் இதனைத் தாமே ஆசிரியராயிருந்த மகப்பேற்றுச் சஞ்சிகையிலே வெளியிட்டார். கட்டுரை சிறிது. தொடர்ந்த ஆண்டுகளிலும் கணக்கு அவ்வாறே நின்றது. நூற்றுக்குப் பத்து என்றிருந்தது ஒன்றினுங் கீழாயிற்று.

எல்லாரும் கைகொட்டினர் என்று எண்ணற்க. நோயற்ற கண்ணிலே எரியும் மருந்தை இடுவது முறையோ என்று கேட்டனர் சிலர். அக்கேள்வி வெறும் பொறாமையாற் பிறந்ததன்று என்பதே என் கருத்து. வெள்ளி நைத்திரேற்று புண்ணைச் சுடும் பொருள். கரைசல் நெடுநாள் இருந்து நீர் வற்றினால் வலிமை மிகும். அளவு தவறினாற் கண்ணையே கெடுக்கும். அவ்வாறு கெட்டனவும் பிற்காலத்திலே சில உண்டு. இத்தகைய மருந்தை ஊர்தோறும் செல்லும் மருத்துவிச்சியின் பையிலே வைக்கலாமோ என்பது இன்னொரு வாதம். கிறேடே மருத்துவிச்சியரைக் கற்பித்தவராதலின் அவர்களை நம்பினார். பின்பு அரசுகள் பல அதனைச் சட்டமாக்கின. மருந்தின் வலிமையை நூற்றுக்கு ஒன்றாகக் குறைத்தனர். வேறு நாடுகளில் ஒருமுறைக்கு வேண்டிய அளவை மட்டும் மெழுகுச் சிமிழில் அடைத்து வழங்கினர். வற்றுதலும் அளவு தவறுதலும் அதனால் நீங்கின.

யூன் முதலாந் திகதியின் விதியிலே இன்னுமொரு நன்மை உண்டு. அதனை மருத்துவ நூல்கள் அதிகம் பேசுவதில்லை. நோயுடையாளின் பிள்ளைக்கு மட்டும் மருந்து என்றிருந்த காலத்தில், துளி விழுந்த ஒவ்வொரு கண்ணும் தாயின் மேலே ஒரு பழியாக நின்றது. அடுத்த கட்டிலில் இருப்பவள் அறிவாள். வேலை கொடுத்த வீட்டாரும் அறிவர். அந்நோயை அவளுக்குக் கொடுத்தவன் எங்கோ நடந்துகொண்டிருப்பான். அவனை யாரும் கேட்பதில்லை. எல்லாக் குழந்தைக்கும் துளி என்றானபோது யாருடைய கண்ணிலும் யாருடைய கதையும் எழுதப்படவில்லை. கிறேடே இதனை எண்ணித்தான் செய்தாரோ, கணக்கை மட்டும் எண்ணிச் செய்தாரோ, யானறியேன். செய்தார்.

உடல்நலங் குன்றியமையால் 1887இற் பதவியினின்று விலகினார். 1892ஆம் ஆண்டு மார்ச் 14ஆந் திகதி இலைப்சிக்கிலேயே காலமானார். அவருடைய மகன் பென்னோ கிறேடே டிறெஸ்டன் நகரிலே சத்திர வைத்தியராயிருந்து, புண்ணுக்கு வெள்ளி மருந்துகளை ஆக்கிப் பெயர் பெற்றார். தந்தை கையிலெடுத்த உலோகத்தை மகனும் விடவில்லை.

வெள்ளித் துளி இன்று பெரும்பாலும் வழக்கொழிந்தது. கண்ணோய் தரும் வேறொரு கிருமியான கிளமிடியாவை அது நன்கு தடுப்பதில்லை. எரித்திரோமைசின், தெத்திராசைக்கிளின் முதலிய களிம்புகள் அதனிடத்தை எடுத்துக்கொண்டன. கர்ப்ப காலத்திலேயே தாயைப் பரிசோதித்து மருந்து கொடுக்கும் நாடுகள் சில, பிரித்தானியாவும் சுவீடனும் போல்வன, எல்லாக் குழந்தைக்கும் இடும் வழக்கத்தையே விட்டன. கிறேடே தொடக்கத்தில் முயன்று கைவிட்ட வழி, தாயை நலமாக்கும் வழி, நூறாண்டு கழித்துக் கைகூடிற்று என்று இதனைக் கொள்ளலாம். நம் இலங்கையிலும் கருவுற்ற தாய்மார் எல்லாரையும் பரிசோதித்து வந்ததன் பயனாக, தாயினின்று சேய்க்குக் கிரந்தி நோயும் எச்.ஐ.வி.யும் செல்லுதல் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இற் சான்று தந்தது.

எனினும் வேறொரு நோயிலே கிறேடேயின் வழியே மீண்டும் உயிர்பெற்றது. ஈரலழற்சி ‘பி’ என்பது அந்நோய். இரத்தத்தின் வழியும் பிற வழியும் பரவும் வைரசு அது. பேற்றின்போது தாயினின்று சேய்க்குச் செல்லும். வளர்ந்தவரைத் தொற்றினால் நூற்றுக்கு 95 பேர்க்கு மேல் தாமே தேறுவர். பிறக்கும்போது தொற்றினாலோ நூற்றுக்கு ஏறத்தாழ 90 குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுதும் ஈரலிலே தங்கும். தங்கி, நடுவயதில் ஈரல் சுருக்கமாகவும் புற்றாகவும் வெளிப்படும். புளும்பேர்க் என்னும் அமெரிக்க வைத்தியர் இவ்வைரசின் அடையாளத்தை 1960களிற் கண்டறிந்து 1976இல் நோபெல் பரிசு பெற்றார். தடுப்பு மருந்து 1981இல் வழக்குக்கு வந்தது. தைவான் தீவிலே இந்நோய் மிகுதி. அங்கே 1984இல் நோயுடைய தாய்மாரின் குழந்தைகளுக்கு மட்டும் பிறந்தவுடன் தடுப்பூசி இடத் தொடங்கினர். 1986 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் இட்டனர். முதலில் நோயுடையார் பிள்ளை, பின் எல்லார் பிள்ளை. இலைப்சிக்கிலே 1879இலும் 1880இலும் நடந்த அதே இரண்டு அடிகள்! சில ஆண்டுகளிலே அத்தீவிற் சிறுவர்க்கு வரும் ஈரற் புற்றுக் குறைந்ததென 1997இற் கணக்கு வெளிவந்தது. பிறந்து 24 மணி நேரத்துள் முதல் ஊசி என்பதே இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாழிகை முக்கியம் என்பதை அந்த மூதாட்டி சொன்ன மூன்றாம் நாட் செய்தியிலேயே யான் உணர்ந்திருந்தேன்.

எங்கள் பெரியவர் பிறந்தது 1910ஐ ஒட்டிய ஆண்டொன்றிலே. கிறேடேயின் கட்டுரை வெளிவந்து அப்பொழுது ஏறத்தாழ முப்பதாண்டு. ஆசுபத்திரிக்கும் எங்கள் ஊருக்கும் இடையே மாட்டுவண்டியில் ஒரு பகற் பயணம். ஊர் மருத்துவிச்சி கை தேர்ந்தவள் என்று பேர் பெற்றவளாம். அவளிடம் அந்தத் துளி இல்லை. பெரியவர் தம் குருட்டைப் பற்றிப் பேச நேர்ந்தால் முற்பிறப்பின் வினை என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த செய்யுளைப் படிக்கச் சொல்வார். அவரது தாயாரை ஊரார் சிலர் வேறு விதமாகப் பேசியதும் உண்டென்று சகோதரியார் கூறினார். கிறேடேயின் பெயரை யான் அறிந்தபோது பெரியவர் இல்லை. அதன்பின் ஒரு முறை அம்மூதாட்டியைத் தேடிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. முற்றத்து நந்தியாவட்டை பூத்திருந்தது.